டிராகனுக்கு என்ன கலர்?

குழு: ராட்டினக்கார வீடு

பெரியப்பா: டிராகன் ரயிலோட அஞ்சு பெட்டியையும் அடியில இருக்கிற இரும்புச் சேஸிஸ்லேர்ந்து கழட்டி ஷெட்டுல வச்சாச்சு. மதுரை சித்திரைப் பொருட்காட்சிக்கு முன்னாடி பெயிண்ட் வேலை முடியணும். என்ன கலர்னு இன்னைக்கே சொல்லிடுங்க. நாளைக்குக் கடைக்குப் போறேன்.

மலர் அக்கா (அபுதாபி): சிவப்பு பெரியப்பா! இங்க ஃபெராரி வேர்ல்ட் பார்க்ல ஃபார்முலா ரோசான்னு ஒரு ரோலர் கோஸ்டர் ஓடுது. மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டித்தான் உட்கார வைப்பாங்க. ரயில் அப்படியே ரேஸ் கார் மாதிரி, ஃபெராரி சிவப்புல. நிக்கும்போதே ஓடுற மாதிரி இருக்கும்.

அத்தை: பச்சையை மாத்தாதீங்க அண்ணே. அது அப்பா கையால அடிச்சது. புள்ளைங்க "பச்சை டிராகன் எங்க?"னுதானே கேட்டு வருதுங்க.

தம்பி: பெட்டிக்கு ஒரு கலர் அடிச்சா என்ன?

நான்: அமெரிக்காவுல சீடர் பாயிண்ட்னு ஒரு பார்க். அங்க மில்லேனியம் ஃபோர்ஸ்ங்கிற ரோலர் கோஸ்டர்ல சிவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு ரயில். 1978-ல வந்த ஜெமினிங்கிற இன்னொரு கோஸ்டர்ல சிவப்பு ரயிலும் நீல ரயிலும் பக்கத்துல பக்கத்துல பந்தயம் ஓடும். எந்த ரயில் வருதுன்னு தூரத்திலேயே தெரியணும், அதுக்குத்தான் ரயிலுக்கு ஒரு கலர். நமக்கு இருக்கிறது ஒரே ரயில்டா. டிராகன் உடம்பை அஞ்சு துண்டா காட்ட வேண்டாம்.

தம்பி: சரி, மெட்டாலிக்காவது அடிக்கலாம்ல?

சேகர் மாமா: மெட்டாலிக் வேண்டாம்ப்பா. போன வருஷம் ஒரு பட்டறையில மூணாவது பெட்டிக்கு டச்சப் பண்ணிக் கொடுத்தாங்களே, திட்டு இன்னும் தெரியுது. அதுல அலுமினியத் துகள் இருக்கு. ஸ்ப்ரே கன்ல காத்து அழுத்தம் மாறினாலும் சரி, கை கொஞ்சம் கிட்டப் போனாலும் சரி, துகள் வேற மாதிரி படுத்துக்கும். ஒரே டப்பா பெயிண்ட்டே ரெண்டு கலராத் தெரியும். நம்ம வண்டி ஊர் ஊரா லாரியில ஏறி இறங்குறது, கீறல் விழாம இருக்குமா? துகள் இல்லாத சாலிட் கலர்னா எந்த ஊர்லயும் அந்த இடத்தை மட்டும் சரி பண்ணிக்கலாம்.

தம்பி: பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ்?

சேகர் மாமா: பஞ்சு மிட்டாய்க் கையோட ஏறுற புள்ளைங்கப்பா. மேட்ல கறை பிடிச்சா பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்க முடியாது. தேய்ச்ச இடம் மட்டும் பளபளன்னு ஆயிடும். ஃபைபர் பாடிக்கு நல்லா வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர், கலர், அதுக்கு மேல நிறமில்லாத கிளியர் ரெண்டு கோட். ஈரத்துணியால துடைச்சாப் போதும்.

மலர் அக்கா: அப்போ சாலிட் சிவப்பு, கிளாஸ். என் ஓட்டு அதுக்குத்தான்.

நான்: அக்கா, ஃபார்முலா ரோசாவை நீ பார்த்தது பகல்ல. நமக்குக் கூட்டம் வர்றதே பொழுது சாயும்போதுதான். நம்ம வாசல் செம்பருத்தியை ஆறரை மணிக்குப் பார்த்திருக்கியா? பூ கறுத்துப் போயிருக்கும், இலை மட்டும் பளிச்சுன்னு நிக்கும். வெளிச்சம் குறையக் குறைய நம்ம கண்ணுக்குச் சிவப்புதான் முதல்ல மங்கும், பச்சையும் நீலமும் தாங்கும். செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே இதை 19-ஆம் நூற்றாண்டுலயே கவனிச்சுச் சொல்லிட்டார்.

மலர் அக்கா: அது உண்மைதான். தோட்டத்துல நானே பார்த்திருக்கேன். சரி, பச்சை. ஆனா நாக்காவது சிவப்பா இருக்கட்டும். நாக்குக்கு மேல ஒரு லைட் போட்டுடுங்க.

பெரியப்பா: போட்டுடலாம்மா. கண்ணுக்கு வெள்ளை, கொம்புக்கு மஞ்சள். மடியில இறங்குற கம்பிக்கும் மஞ்சள், பூட்டியிருக்கா இல்லையான்னு ஆபரேட்டருக்குத் தூரத்துலயே தெரியணும். மாப்ள, சேஸிஸுக்கு என்ன? கறுப்பு அடிச்சா அழுக்குத் தெரியாதுன்னு ஆளுங்க சொல்றாங்க.

சேகர் மாமா: அழுக்குத் தெரியணும் மச்சான்! கறுப்புல விரிசல் விட்டா எப்படிக் கண்டுபிடிப்பீங்க? வெளிர் சாம்பல் அடிங்க, அதுவும் மெல்லிசா. வெல்டிங்ல முடி கனத்துக்கு விரிசல் விட்டாலும் அதுலேர்ந்து துரு கோடு மாதிரி இறங்கும், காலையில துடைக்கிற பையன் கண்ணுலயே பட்டுடும். வெல்டிங் மேல பட்டி மட்டும் எவனையும் வைக்க விடாதீங்க. மேடு பள்ளமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வெல்டிங்கையும் வெறும் இரும்பு வரைக்கும் சுரண்டி, விரிசலுக்குள்ள இறங்குற சிவப்புச் சாயம் (டை) அடிச்சு, துடைச்சு, அதை வெளிய இழுக்கிற வெள்ளை டெவலப்பர் போட்டுப் பாருங்க. விரிசல் இருந்தா சிவப்புக் கோடா வெளிய வந்துடும்.

பெரியப்பா: அதை நானே பக்கத்துல நின்னு பார்க்கிறேன். அது முடியாம ஒரு பெட்டிக்கும் பிரஷ் வைக்க மாட்டேன்.

அத்தை: எந்தப் பச்சைண்ணே? இப்ப இருக்கிறது வெளுத்துப் போச்சு. அப்பா அடிச்சது இன்னும் அடர்த்தியா, புது வாழை இலை மாதிரி இருக்கும்.

சேகர் மாமா: மச்சான், சீட்டுக்கு அடியில ஒரு மூடி இருக்குமே, அதைக் கழட்டி உள்பக்கம் பாருங்க. வெயில் படாத இடம்.

பெரியப்பா: 📷 படம்

அத்தை: இதுதான். இதே பச்சைதான்.

சேகர் மாமா: அந்த மூடியையே கடைக்குக் கொண்டு போங்க. கம்ப்யூட்டர்ல வச்சு அதே கலரை மிக்ஸ் பண்ணிக் கொடுப்பாங்க. ஒரு லிட்டர் கூடவே வாங்குங்க, டச்சப்புக்கு வேணும்.

பெரியப்பா: காலையில 9 மணிக்கு மூடியோட கிளம்புறேன்.