ஏற்காட்டுத் தேங்காய் எண்ணெயை வைத்து விமானத்தை அளக்காதீர்கள்

ஓமலூர்வாசி: காப்பித்தோட்டம் என்பவர் நேற்று இங்கே எழுதியது: "மார்கழியில் ஏற்காட்டில் என் வீட்டுத் தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடுகிறது. தாவர எண்ணெயில் செய்த எரிபொருளை நிரப்பி விமானத்தை 35,000 அடிக்கு அனுப்புவது கொலைக்குச் சமம்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எண்ணெயை யாரும் அப்படியே ஊற்றுவதில்லை. விமானங்களில் வழக்கமாக நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது என்பது விதி. தாவர எண்ணெயிலிருந்து வந்தது கலந்திருந்தாலும் அந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் இறக்கைக்குள் போகும்.

காப்பித்தோட்டம்: அந்த உயரத்தில் வெளியே மைனஸ் 54. உங்கள் எரிபொருள் தாங்குவது மைனஸ் 47. கணக்கை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்.

ஓமலூர்வாசி: பெட்ரோலிய ஜெட் ஏ-1க்கும் அதே மைனஸ் 47தான் ஐயா! தொட்டியில் டன் கணக்கில் கிடக்கும் எரிபொருள் வெளிக்குளிரை உடனே எட்டாது. வேகத்தில் மோதும் காற்றும் இறக்கையைச் சற்றுச் சூடாக்கும்.

மரவள்ளி: எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பயோடீசலா, ஹைட்ரஜன் செலுத்திச் செய்வதா, எத்தனாலிலிருந்து எடுப்பதா? மூன்றும் வேறு வேறு.

காப்பித்தோட்டம்: எல்லாம் எண்ணெய்தான். எண்ணெயில் ஹைட்ரஜன் செலுத்தினால் வனஸ்பதி. அது அலமாரியிலேயே கெட்டியாக நிற்கும்.

ஓமலூர்வாசி: வனஸ்பதி ஆலையோடு உங்கள் வேதியியல் நின்றுவிட்டது. இங்கே ஹைட்ரஜன் எண்ணெயிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கி எறிகிறது. மிஞ்சுவது நேரான கார்பன் சங்கிலி. 17 கார்பன் கொண்டது 22 டிகிரியிலேயே மெழுகாகும். இதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அடுத்த கட்டத்தில் சங்கிலியை நறுக்கிக் கிளை விடச் செய்கிறார்கள். உங்கள் தோட்டத்து சில்வர் ஓக் கட்டைகளை அடுக்கிப் பாருங்கள். நேர்க்கட்டை இடைவெளியில்லாமல் அமரும், கவட்டைக் கட்டை அமராது. மூலக்கூறும் அப்படித்தான், நெருங்கி அடுக்க முடியாவிட்டால் எளிதில் உறையாது. 2018 ஆகஸ்ட் 27 அன்று காட்டாமணக்கு எரிபொருள் கலந்து ஸ்பைஸ்ஜெட் விமானம் டேராடூனிலிருந்து டெல்லி போனதே, உறைந்தா விழுந்தது?

காப்பித்தோட்டம்: கலந்தது 25 சதவீதம். காப்பாற்றியது மீதி 75.

மேச்சேரிக்காரன்: காட்டாமணக்கு என்ற பெயரையே எடுக்காதீர்கள். வாங்கிக்கொள்கிறோம் என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். ஒன்றரை ஏக்கர் கடலைக்காட்டை அழித்து நட்டேன். காய்த்தபோது ஒருவரும் வரவில்லை. ஆடுகூட வாய் வைக்காத செடி. வேரோடு பிடுங்கக் கூலி கொடுத்தது நான்.

ஓமலூர்வாசி: உங்களை நடச் சொன்னது நானில்லை. பேச்சு உறைநிலையைப் பற்றியது. 2023 நவம்பர் 28 அன்று வர்ஜின் அட்லாண்டிக்கின் போயிங் 787 லண்டனிலிருந்து நியூயார்க் வரை பெட்ரோலியமே இல்லாமல் பறந்தது. 88 சதவீதம் கழிவுக் கொழுப்பில் செய்தது. அட்லாண்டிக் கடலுக்கு மேல் ஏற்காட்டை விடக் குளிர் குறைவா?

காப்பித்தோட்டம்: மீதி 12 சதவீதம் என்ன? அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

ஓமலூர்வாசி: தாவரச் சர்க்கரையில் செய்த அரோமேட்டிக் மண்ணெண்ணெய். அரோமேட்டிக் என்றால் கார்பன் வளையமாகக் கோத்த மூலக்கூறு. அது பட்டால்தான் எரிபொருள் கசியாமல் இணைப்புகளில் போட்ட பழைய ரப்பர் வளையங்கள் உப்பி இறுக்கமாக நிற்கும். இல்லாவிட்டால் சுருங்கிக் கசியும். வழக்கமான பயணங்களில் 50 சதவீதத்துக்கு மேல் கலக்க அனுமதியில்லாததற்கு அதுவும் ஒரு காரணம். உறைநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

காப்பித்தோட்டம்: ஆக, கசியும் என்று ஒப்புக்கொண்டீர்கள்.

அஸ்தம்பட்டி: கழிவு எண்ணெய் என்றால் நம் தட்டுவடைக் கடைகளில் கேளுங்கள். சட்டியில் கறுத்துக் கிடப்பதைக் கீழே கொட்டுவதே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை: எங்கள் கடையில் தட்டுவடையை நாங்கள் பொரிப்பதே இல்லை, வாங்கி வந்து காரட்டும் பீட்ரூட்டும் வைத்துக் கொடுக்கிறோம். தெரியாமல் பேசி ஒரு தொழிலையே கேவலப்படுத்தாதீர்கள்.

அஸ்தம்பட்டி: வாங்கி வருவதை எந்தச் சட்டியில் பொரித்தார்கள் என்று பார்த்தீர்களா?

மரவள்ளி: என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

காப்பித்தோட்டம்: இன்று காலை ஆறரை மணிக்கு எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. படம் போட்டிருக்கிறேன்.

ஓமலூர்வாசி: தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையும். அந்தப் புட்டியில் இருப்பது விமான எரிபொருள் அல்ல. மைனஸ் 47. மறுபடியும் எழுதுகிறேன், மைனஸ் 47.

காப்பித்தோட்டம்: வெளியே மைனஸ் 54.