ஃபார் பிரெத்தோன்: உலர் பிளம்ஸ் வேண்டுமா, வேண்டாமா?

நளினி: நேற்று இங்கே ஒருவர் பழமே இல்லாத ஃபார் படத்தைப் போட்டு, ‘இதுதான் அசல்’ என்கிறார். பிரான்சில் பிரிட்டனி பகுதியின் ஃபார் என்றாலே உலர் பிளம்ஸ் புதைந்த கெட்டி கஸ்டர்ட்தானே? வெறும் பால், முட்டை, மாவில் என்ன ருசி இருக்கிறது?

வரதன்: படம் போட்டவன் நான்தான். அந்த பிளம்ஸுக்குப் பேர்போன அஜான் பிரான்சின் தென்மேற்கில் இருக்கிறது. பிரிட்டனிக்கு அது வெளியூர்ச் சரக்கு. பிளம்ஸ் போடும் வழக்கத்தைவிட ஃபார் பழையது. பிரிட்டனியின் லெயோன் வட்டாரத்தில் இன்றும் பக்வீட் என்ற தானியத்தின் மாவைக் கரைத்துத் துணிப்பையில் கட்டி, இறைச்சி கொதிக்கும் பானைக்குள்ளேயே வேகவைக்கிறார்கள். அதற்கும் ஃபார் என்றுதான் பெயர்.

நளினி: அது சாப்பாடு, இது இனிப்பு. பேச்சு ஓவனில் வேகும் ஃபாரைப் பற்றி.

வரதன்: சரி, ஓவனுக்கே வருகிறேன். அதிலும் பழம் போடாத வகை உண்டு. ருசி உப்பு வெண்ணெயில் இருக்கிறது. பாத்திரத்தில் தாராளமாகப் போட்டு ஓவனில் சூடாக்கி, நுரைக்கும்போது கரைத்த மாவை ஊற்றிப் பாருங்கள். ஓரமெல்லாம் முறுகலாக வரும்.

நளினி: வெண்ணெய் நானும்தான் போடுகிறேன்! பிரான்சின் லிமூசின் பகுதிக்காரர்களிடம் போய், அவர்கள் ஊர் செர்ரி இனிப்பான கிளாஃபூத்தியைச் செர்ரி இல்லாமல் கொடுத்துப் பாருங்கள்.

வரதன்: செர்ரி அவர்கள் ஊரிலேயே காய்ப்பது. நீங்கள் பிளம்ஸ் போடுவதில் எனக்குத் தகராறு இல்லை. அது இல்லாவிட்டால் ஃபாரே இல்லை என்பதுதான் இடிக்கிறது.

நளினி: ‘இதுதான் அசல்’ என்று ஆரம்பித்தவர் நீங்கள்.

குமரன்: நடுவில் ஒரு சந்தேகம். எனக்கு ரப்பர் மாதிரி வருகிறது. புஸ்ஸென்று எழும்பி அப்புறம் அமுங்கியும் விடுகிறது.

வரதன்: மாவு கூடியிருக்கும். ஒரு லிட்டர் பாலுக்கு 4 அல்லது 5 முட்டை, 200 முதல் 250 கிராம் மாவு, 150 கிராம் சர்க்கரை. அமுங்குவது இயல்பு, பேக்கிங் பவுடரைத் தொடாதீர்கள். முழுதாக ஆறிய பிறகு வெட்டுங்கள்.

நளினி: பிளம்ஸை ரம்மில் ஊறவைத்து, உலர்ந்த மாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்குவது குறையும்.

வரதன்: போடுவதென்று ஆனபின் கொட்டையோடு போடுங்கள். பழம் கரையாமல் நிற்கும்.

நளினி: விருந்தாளியின் பல் உடைந்தால் நீங்கள் கட்டித் தருவீர்களா?