புதுப்பிப்பு: தஞ்சாவூரில் வீணை செய்த பெரியப்பா

பெரியப்பா காலமானதைப் பற்றி எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஏகாண்ட வீணை என்றால் என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். குடம் (உருண்டையான ஒலிப்பகுதி), தண்டி (நீண்ட கழுத்துப் பகுதி) எல்லாம் ஒரே பலாக்கட்டையில் குடைந்தெடுப்பது அது. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஆனால் பெரியப்பாவின் உண்மையான கைத்திறன் மேளம் கட்டுவதில், அதாவது சுரம் பார்த்து மெட்டுகளைப் பொருத்துவதில்தான் தெரியும். தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, அந்தக் கறுப்பு மெழுகின் மேல் கம்பிகளுக்குக் கீழே குறுக்காக வரும் 24 பித்தளை மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிப்பார். கம்பியை மீட்டுவார், கண்ணை மூடுவார், மெட்டை நூலளவு நகர்த்துவார். அந்த நேரத்தில் வீட்டில் மிக்ஸிகூட ஓடாது. சுருதி பார்க்கும் கருவியை அவர் தொட்டதே இல்லை.

பெரியம்மாவுக்கு முட்டிவலி வந்ததும், மிஞ்சிய பலாக்கட்டையில் அவர் உயரத்துக்கு அளவெடுத்து அடுப்படிக்கு ஒரு முக்காலி செய்தார். விற்கிற வீணைக்குப் போடும் அதே மெருகு அதற்கும். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த முக்காலிதான்.

இப்போது செய்தி: பதிவைப் படித்த திருச்சி பாட்டு டீச்சர் ஒருவர், பெரியப்பா செய்த வீணையின் படம் அனுப்பியிருக்கிறார். வீணையின் நுனியில் செதுக்கியிருந்த யாளி முகத்தைப் பார்த்ததுமே அண்ணன் அடையாளம் கண்டுகொண்டார். மெழுகு இளகி மெட்டுகள் ஆடுகின்றனவாம். காரியம் முடிந்ததும் அண்ணனே போய் மேளம் கட்டித் தருகிறார்.