புதுப்பிப்பு: முட்டையைக் கொத்தித் தின்ற கோழிகள்

எங்கள் நாட்டுக்கோழிகள் தங்கள் முட்டையையே கொத்தித் தின்கின்றன, ஓடும் மெலிசாக இருக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது கிளிஞ்சல் யோசனைதான். தீவனக் கடையில் வாங்கியதை மாவாக்காமல், நொய் அளவுக்கு உடைத்து, சாயங்காலம் தனிச் சட்டியில் வைத்தேன். கிளிஞ்சலைப் போலவே முட்டை ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது உருவாவது முக்கியமாக இரவில். மாவு சீக்கிரம் கரைந்துவிடும். குருணையாக இருந்தால், கோழி இரையை அரைக்கும் அரைவைப் பையில் தங்கி மெல்லக் கரையும். ஓடு கெட்டியானதும் முட்டை உடைவது குறைந்தது, தின்பதும் தானாகக் குறைந்தது. ஒரு கிழட்டுக் கோழி மட்டும் விடவில்லை. அதற்காக முட்டையிடும் பெட்டிக்குச் சாக்குத் திரை கட்டி இருட்டாக்கினேன். சரி, இப்போது அதுவும் அடங்கிவிட்டது.

எதிர்பாராதது, காரத்துக்குப் பயந்து தின்பதை விட்டுவிடும் என்று வைத்த மிளகாய்த்தூள் அடைத்த முட்டை. ருசித்துத் தின்றுவிட்டு அடுத்ததைத் தேடின! பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. அந்த யோசனையை யாரும் முயல வேண்டாம்.

அப்புறம், சட்டியைக் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கால்சியம் அதிகமானால் அவற்றின் சிறுநீரகம் கெடும். தோட்டத்துத் தண்டுக்கீரையையும் அளவாகத்தான் போடுகிறேன். அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.