மேம்படுத்தலுக்குப் பின் எல்டிஓ-3 டேப் டிரைவ் தென்படவில்லை

கேள்வி: சர்வரின் இயங்குதளத்தை ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இலிருந்து 8-க்கு மாற்றிய பிறகு, எல்எஸ்ஐ அல்ட்ரா320 ஸ்கசி கார்டில் (டிரைவைக் கணினியுடன் இணைக்கும் அட்டை) இணைத்துள்ள எல்டிஓ-3 டிரைவ் (காந்த நாடாவில் தரவைச் சேமிக்கும் கருவி) கணினியில் தென்படவில்லை, ஆனால் பச்சை விளக்கு எரிகிறது, கேசட்டையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. டிரைவ் பழுதாகிவிட்டதா?

பதில் 1: டிரைவைச் சந்தேகிக்க வேண்டாம். அக்கார்டை இயக்கும் மென்பொருளான எம்பிடி-எஸ்பிஐ டிரைவரில் அதற்கான ஆதரவு 8-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. எல்ரெப்போ என்ற மென்பொருள் களஞ்சியத்தில் கிடைக்கும் அந்த டிரைவரின் தொகுப்பை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேட்டவர்: டிரைவ் தெரிகிறது, நன்றி. இப்போது பழைய டேப்பைப் படிக்கும்போது ‘நினைவகம் ஒதுக்க இயலவில்லை’ என்று பிழை வருகிறது.

பதில் 2: அது ராம் குறைபாடு அன்று. டேப்பில் எழுதப்பட்ட பிளாக் (ஒரே வீச்சில் எழுதப்படும் தரவுத் துண்டு), நாம் படிக்கக் கேட்கும் அளவைவிடப் பெரிதாக இருந்தால், டேப்பைக் கையாளும் லினக்ஸின் எஸ்டி டிரைவர் இப்பிழையைத்தான் தரும். பழைய தரவு தவறுதலாக அழியாதிருக்க, கேசட்டின் எழுத்துத் தடைப் பொத்தானைப் பூட்டிவிட்டு, டேப்பைப் படிக்கும் டார் கட்டளையில் பிளாக் மதிப்பை 512 என (ஒவ்வொன்றும் 512 பைட்), அதாவது 256 கேபி அளவுக்கு, உயர்த்திப் பாருங்கள்.