எஸ்டி06 திரையில் கிளவுட் விவரம் வரவில்லை, எஸ்ஏபி டிக்கெட்டுக்குத் தேவை. உதவி வேண்டும்

புதுபேசிஸ்:
எங்கள் எஸ்ஏபி நெட்வீவர் (அலுவலக வேலைகள் ஓடும் மென்பொருள்) சமீபத்தில் சொந்த டேட்டா சென்டரிலிருந்து ஏடபிள்யூஎஸ் இசி2-க்கு (அமேசானின் வாடகைக் கிளவுட் சர்வர்) மாறியது. சூசே லினக்ஸ். மாற்றிக் கொடுத்த நிறுவனம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது மதியம் ஆனால் டயலாக் நேரம் (திரை பதில் தர எடுக்கும் நேரம்) எகிறுகிறது. எஸ்ஏபி-யில் டிக்கெட் போட்டேன். 1656250 என்ற எஸ்ஏபி நோட்டில் (ஆதரவுக் குறிப்பு) உள்ள நிபந்தனைகள் சரியா என்று பார்த்து, சர்வர் நிலவரம் காட்டும் எஸ்டி06 திரையை அனுப்பச் சொல்கிறார்கள். அதில் கிளவுட் பற்றி ஒரு வரிகூட இல்லை. மெதுவாக இருப்பது எஸ்ஏபி. அதற்கு ஏடபிள்யூஎஸ் கணக்கை ஏன் நோண்டுகிறார்கள்?

கிளவுட்காரன்:
கேட்பது நியாயம்தான் நண்பரே. வாடகை வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால், மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். சர்வருக்குள்ளிருந்து பார்த்தால் அடியில் இருக்கும் ஹோஸ்ட், டிஸ்க் நிலவரம் முழுதாகத் தெரியாது. அதனால்தான் மூன்று நிபந்தனைகள்: ஏடபிள்யூஎஸ்-ல் பிசினஸ் அல்லது அதற்கு மேலான ஆதரவுத் திட்டம், ஏடபிள்யூஎஸ்-இன் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் ஒரு நிமிட அளவீடு (இயல்பாக ஐந்து நிமிடம்தான் இருக்கும்), சர்வரில் எஸ்ஏபி-க்கான டேட்டா ப்ரொவைடர் (இந்த விவரங்களை எஸ்ஏபி-க்குக் கொடுக்கும் சிறு நிரல்). முதலாவதற்குப் பணம் போகும், மேலாளரிடம் இன்றே பேசிவிடுங்கள்.

டேட்டா ப்ரொவைடர் ஓடுகிறதா? அதே சர்வரில் லோக்கல்ஹோஸ்ட் 8888 போர்ட்டைத் தட்டினால் எக்ஸ்எம்எல் வடிவில் விவரம் வர வேண்டும். எஸ்டி06-ல் எக்ஸ்பர்ட் வியூவுக்கு மாறிப் பாருங்கள். ஸ்டாண்டர்டில் தேடிப் பயனில்லை.

புதுபேசிஸ்:
நன்றி சார். ஓடுகிறது, எக்ஸ்எம்எல்லும் வருகிறது. எக்ஸ்பர்ட் வியூவில் ஏடபிள்யூஎஸ் பெயர் இருக்கிறது. ஆனால் என்ஹான்ஸ்டு மானிட்டரிங் ஆக்சஸ் (கூடுதல் கண்காணிப்பு விவரம் கிடைக்கிறதா என்ற வரி) 'ஃபால்ஸ்'.

நெட்வொர்க்_அக்கா:
ப்ரைவேட் சப்நெட்டா (இணையத்துக்கு நேரடி வழி இல்லாத பகுதி)? அப்படியென்றால் முதலில் அங்கேதான் சந்தேகப்படுவேன். டேட்டா ப்ரொவைடர் கிளவுட்வாட்சிடமும் இசி2-விடமும் பேசியாக வேண்டும். வெளியே வழி இல்லாவிட்டால் நாட் கேட்வே (வெளியே போக மட்டும் வழி) வையுங்கள், அல்லது இரண்டுக்கும் விபிசி எண்ட்பாயின்ட் (இணையம் போகாமல் ஏடபிள்யூஎஸ் சேவையை எட்டும் வழி). ப்ராக்ஸி இருந்தால் அதையும் அமைப்பில் சொல்ல வேண்டும். அப்புறம் ஐஏஎம் ரோல் (ஏடபிள்யூஎஸ்-ல் சர்வருக்குக் கொடுக்கும் அனுமதி): இன்ஸ்டன்ஸ் (கிளவுட் சர்வர்) விவரம், வால்யூம் (டிஸ்க்) விவரம், கிளவுட்வாட்ச் அளவீடு மூன்றையும் படிக்க அனுமதி வேண்டும். ரோலே ஒட்டாமல் விட்டுப்போன சர்வர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓரமாக ஒன்று: டேட்டாபேஸ் எது? ஆரக்கிள் என்றால் ஏடபிள்யூஎஸ்-ல் சூசே மேல் ஓட்ட ஆதரவு இல்லை, லினக்ஸ் வகைகளில் ஆரக்கிள் லினக்ஸ் மட்டும்தான். இது சிக்கினால் டிக்கெட் ஒரு அடிகூட நகராது.

புதுபேசிஸ்:
ஹானா (எஸ்ஏபி-யின் சொந்த டேட்டாபேஸ்), அதனால் தப்பித்தோம். ரோல் இருந்தது, எண்ட்பாயின்ட்தான் இல்லை. போட்டதும் 'ட்ரூ', கீழே 'ஆக்டிவ்' என்று வந்துவிட்டது. ஒரு நிமிட அளவீடும் போட்டாச்சு. ஆதரவுத் திட்டத்துக்கு நிதிப் பிரிவின் ஒப்புதல் வர வேண்டும். வந்ததும் ஏடபிள்யூஎஸ்-இடம் தனி டிக்கெட் போடணுமா?

கிளவுட்காரன்:
எஸ்ஏபி டிக்கெட்டிலேயே பிசி-ஓபி-எல்என்எக்ஸ்-ஏடபிள்யூஎஸ் என்ற காம்போனென்ட்டுக்கு மாற்றச் சொல்லலாம், அது ஏடபிள்யூஎஸ் ஆட்கள் பார்க்கும் வரிசை. விண்டோஸுக்கு வேறு பெயர். ஹானா இன்ஸ்டன்ஸ் வகை எஸ்ஏபி-யின் சான்றளித்த வன்பொருள் பட்டியலில் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.