பார்க்க அழகான வெல்டு, சுத்தியல் பட்டதும் திறந்துகொண்டது

பொழுதுபோக்காகத்தான் ஸ்டிக் வெல்டிங், அதாவது பூச்சுப் பூசிய ராடை மின்சாரத்தால் உருக்கி இரும்பை ஒட்டுவது, பழகுகிறேன். தகட்டின் மேல் பீடு (உருகிய உலோக வரி) ஓட்ட ஓரளவு கை வந்துவிட்டது, சரி, இனி இரண்டு தகடு சேரும் மூலையில் போடும் பில்லட் வெல்டு போடலாம் என்று 6 மி.மீ. தகடு இரண்டை டி வடிவில் நிறுத்தி, 3.15 மி.மீ. 6013 வகை ராடில், பழகின அதே 100 ஆம்பியரில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டினேன். ராடின் பூச்சு உருகி மேலே உறையும் கசடான ஸ்லாக்கைத் தட்டினால் மீன் செதில் மாதிரி வரிவரியாக இருந்தது. அன்று முழுக்க அதைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் உறுதி பார்க்கக் கீழ்த்தகட்டை வைஸில் பிடித்து, நிற்கும் தகட்டை வெல்டு இருக்கிற பக்கமாகவே சாய அடித்தேன். அப்படிச் சாய்த்தால்தான் மூலையின் அடி பிளக்கும். நாலாவது அடியில் திறந்துகொண்டது. உள்ளே நெடுக ஒரு கறுப்புக் கோடு, அத்தனையும் ஸ்லாக். தகட்டின் விளிம்பில் நான் போட்ட கிரைண்டர் கீறல்கூட உருகாமல் அப்படியே இருந்தது, மனசு விட்டுப்போயிற்று.

யோசித்தால் காரணம் புரிந்தது. டி மூட்டில் சூடு மூன்று பக்கமும் ஓடிவிடும், தட்டைத் தகட்டுக்குப் போதுமான கரண்ட் இங்கே போதாது. போதாததற்கு ராடு நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் ஆர்க்கை நீளமாக வைத்து ராடை ஆட்டிக்கொண்டே போயிருக்கிறேன், அதனால் ஸ்லாக் முந்திக்கொண்டு மூலையில் போய் உட்கார, உலோகம் அதன் மேல் படிந்திருக்கிறது.

கரண்டை 125 ஆம்பியருக்கு ஏற்றினேன். மூலையைக் கிரைண்டரால் வெள்ளையாகத் தேய்த்தேன். ராடு இரண்டு தகட்டுக்கும் நடுவே 45 டிகிரி, அதன் மேல்முனையைப் போகும் திசைப் பக்கம் 15 டிகிரி போலச் சாய்த்து, ராடின் பூச்சு தகட்டைத் தொட்டும் தொடாமலும் ஆட்டாமல் இழுத்தேன். இதில் முக்கியம் கண்தான். ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்க்காமல் அதன் பின்னால் உருகி நிற்பதையே பார்க்க வேண்டும். உலோகமும் ஸ்லாக்கும் தனித்தனியாகத் தெரிய எனக்கு அரைப் பெட்டி ராடு செலவானது. ஸ்லாக் முன்னே வரப் பார்த்தால் ஆர்க்கை இன்னும் குறுக்கி, ராடைக் கொஞ்சம் கூடச் சாய்த்தால் பின்னால் போய்விடுகிறது. ஆர்க் நீண்டால் நிற்கும் தகட்டில் வெல்டின் ஓரமாக அண்டர்கட் என்கிற பள்ளம் விழும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் உடைத்துப் பார்த்ததில் தகடுதான் வளைந்தது, வெல்டு விடவில்லை. புது ராடு தொடங்கும் இடத்தில் மட்டும் இன்னும் ஸ்லாக் மாட்டுகிறது. முந்தைய ராடு முடிந்த இடத்துக் குழியைச் சுத்தமாகத் தட்டிவிட்டு, அதற்கு 10 மி.மீ. முன்னால் ஆர்க்கை எழுப்பி, பின்னால் வந்து குழியை நிரப்பிவிட்டு நகரப் பழகிக்கொண்டிருக்கிறேன்.